பரீட்சை நின்றால் என்ன செய்வது என்பதை இப்போதே எழுதித் தாருங்கள்

கல்வி அமைச்சின் செயலாளருக்கும், பரீட்சைகள் ஆணையாளர் நாயகத்துக்கும், மேல் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலை அதிபர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

மதிப்புக்குரியோரே,

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன் பிறகு பல ஆண்டுகளாக எந்தப் பொதுப் பரீட்சையும் தனக்குரிய மாதத்தில் நடக்கவில்லை. 2020 டிசம்பரில் வரவேண்டிய சாதாரண தரம் (தரம் 11 முடிவில் எழுதும் பொதுப் பரீட்சை) 2021 மார்ச்சில் வந்தது. 2021க்குரிய உயர்தரம் (பல்கலைக்கழக அனுமதிக்கான பரீட்சை) 2022 பெப்ரவரியிலும், அதே ஆண்டுக்குரிய சாதாரண தரம் 2022 மே மாத இறுதியிலும் நடந்தன. 2022க்குரிய உயர்தரத்தை 2023 ஜனவரியில்தான் எழுதினார்கள். இடையில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை நின்றது. எரிபொருள் இல்லாமல் பாடசாலையே நின்றது. கால அட்டவணை ஒருவாறு சீராகிக்கொண்டு வந்தபோது, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் உயர்தரப் பரீட்சையை நடுவிலே நிறுத்திவிட்டது. மீதித் தாள்களுக்காகப் பிள்ளைகள் ஜனவரி வரை காத்திருந்தார்கள்.

ஆகவே பரீட்சை இன்னொரு முறை நிற்கத்தான் போகிறது. நோயா, வெள்ளமா, வேறெதுவுமா என்பது தெரியாது. அப்போது யார், எப்போது, எந்தச் சான்றை வைத்து முடிவெடுப்பார்கள் என்று சொல்லும் சுற்றறிக்கை ஒன்று முன்கூட்டியே வேண்டும். பரீட்சை நின்ற பிறகு எழுதப்படும் விதி எவ்வளவு நல்லதாயினும், அதனால் பாதிக்கப்படப்போகும் பிள்ளையின் பெயர் எழுதும்போதே தெரிந்துவிடும். அந்த விதியை யாரும் நம்பமாட்டார்கள்.

முதலாவது விடயம்: உயர்தரம், ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம் என்ற மூன்று பரீட்சைகளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

உயர்தரத்தைப் பாடசாலைப் புள்ளியால் ஈடுசெய்யவே முடியாது. எவ்வளவு தாமதமானாலும் நடத்தித்தான் ஆகவேண்டும். காரணம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அகில இலங்கைச் சராசரியைக் கழித்து, புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களின் சராசரியை எடுக்கிறோம். ஒரு பாடத்தின் சராசரி 52, நியம விலகல் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 எடுத்தவரின் இசட் 1.0. ஒருவருக்கு 5 புள்ளி கூடுதலாக விழுந்தால் அந்தப் பாடத்தில் 0.28 ஏறும், மூன்று பாடச் சராசரியில் 0.09. ஆசிரியர் மதிப்பிட்டுக் கொடுக்கும் புள்ளியின் இயல்பு வேறு. யாரையும் அடியில் விட மனம் வராததால் புள்ளிகள் மேலே போய்க் குவியும். சராசரி 68, நியம விலகல் 9 என்று ஆகிவிட்டால், அதே 5 புள்ளி தாராளம் அந்தப் பாடத்தில் 0.56 ஆகவும், இறுதிச் சராசரியில் 0.19 ஆகவும் பெருகும். கொழும்பு மாவட்டத்தில் ஒரு மருத்துவ பீடத்துக்கும் அடுத்த மருத்துவ பீடத்துக்கும் இடையிலான வெட்டுப்புள்ளி வித்தியாசம் மிகச் சிறியது. ஒரு ஆசிரியரின் கை தாராளம் ஒரு பிள்ளையின் துறையையே மாற்றிவிடும். மருத்துவம் போன்ற துறைகளின் அனுமதியில் 40 வீதம் திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்றிருப்பதால், ஒரு மாவட்டத்தில் புள்ளி வீங்கினால் திறமை ஒதுக்கீட்டில் மற்ற மாவட்டங்கள் அடிபடும். இந்தக் காரணத்தையும் சுற்றறிக்கையில் எழுதுங்கள். “உயர்தரத்தையும் ரத்துச் செய்யுங்கள்” என்று பெற்றோர் கேட்கும்போது அதிபர்கள் காட்டுவதற்கு ஒரு தாள் இருக்கும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் இதற்கு நேரெதிர். ஒரு கொள்ளைநோய் ஆண்டில் பத்து வயதுப் பிள்ளையை முகக்கவசத்துடன் மண்டபத்தில் இருத்துவதற்கு நியாயம் ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. உதவித்தொகையைக் குடும்ப வருமானத்தை வைத்துக் கொடுக்கலாம். ஆறாம் தர அனுமதியை அந்த ஒரு ஆண்டுக்கு அருகிலுள்ள பாடசாலை என்ற அடிப்படையில் முடிக்கலாம்.

உண்மையான சிக்கல் சாதாரண தரத்தில்தான். இதை நிறுத்தலாம், பாடசாலைச் சான்றைக் கொண்டு பெறுபேறும் வழங்கலாம். ஆனால் அந்தச் சான்று இன்று எங்கள் பாடசாலைகளில் இல்லை.

2021இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்துச் செய்த தமிழ்நாடு, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலிருந்து 50 வீதமும், பதினோராம் வகுப்பிலிருந்து 20 வீதமும், பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 வீதமும் எடுத்தது. அவர்களிடம் ஏற்கனவே எழுதி முடித்த பொதுத்தேர்வு ஒன்று கையில் இருந்தது. எங்கள் பதினொராம் தரப் பிள்ளையிடம் இருப்பது ஐந்தாம் தரத்தில் எழுதிய புலமைப்பரிசில் மட்டும். பாடசாலை மட்டக் கணிப்பீடு இருக்கிறதே என்பீர்கள். பல வகுப்புகளில் அது ஆண்டு முடிவில் ஒரே அமர்வில், ஒரே பேனாவால் நிரப்பப்படுகிறது என்பது இதை வாசிக்கும் ஒவ்வொரு அதிபருக்கும் தெரியும். அதைப் பெறுபேறாக மாற்ற முடியாது.

நாங்கள் முன்வைப்பது இது. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று விடைத்தாள்: தரம் 10 இறுதித் தவணை, தரம் 11 முதலாம் தவணை, தரம் 11 இரண்டாம் தவணை. நிறை 20, 30, 50. தரம் 11 மூன்றாம் தவணையைச் சேர்க்கவில்லை. பல பாடசாலைகள் அதை மாதிரிப் பரீட்சையாக மட்டும் நடத்துகின்றன, நெருக்கடி ஆண்டில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான். இந்த நிறையைத் தரம் 10 தொடங்கும் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். எழுதி முடித்த தவணைப் பரீட்சையைப் பின்னோக்கி எடுத்து எண்ணினால், அதை விளையாட்டாக எழுதியவன் தண்டிக்கப்படுவான். எண்ணப்படும் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

மூன்றும் மாகாணப் பொது வினாத்தாளாக இருக்க வேண்டும். பாடசாலை தானே அச்சடித்த தாள் சான்றாகாது. ஒரு பாடசாலையின் 75 இன்னொன்றின் 60. விடைத்தாளில் சுட்டெண், திகதி, கொடுக்கப்பட்ட நேரம், திருத்தியவரின் கையொப்பம் ஆகிய நான்கும் வேண்டும். வினாத்தாளின் பிரதி ஒன்றும் புள்ளித்திட்டமும் விடைத்தாள் கட்டின் மேலே இருக்க வேண்டும். புள்ளித்திட்டம் இல்லாத கட்டை ஆறு மாதம் கழித்து யாராலும் மீளத் திருத்த முடியாது. கணிதத்தில் படிமுறைக்கு எத்தனை, விடைக்கு எத்தனை என்பதே மறந்துபோகும்.

திருத்திய தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவதும், ஆண்டு முடிவில் மிச்சத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதும் வழக்கம். இதுதான் முதலில் நிற்க வேண்டும். பிள்ளை தாளைப் பார்க்கட்டும், பிழையைக் குறிக்கட்டும், அதே பாடவேளையில் திருப்பித் தரட்டும். இடமில்லை என்ற பதில் வரும். கணக்குப் பாருங்கள்: 40 பிள்ளைகள், 9 பாடங்கள், 3 தாள்கள், மொத்தம் 1,080 விடைத்தாள். சராசரி 8 தாள் என்றால் 8,640 தாள், அதாவது 500 தாள் கொண்ட பதினெட்டுக் கட்டுக்கும் குறைவு, நிறை 43 கிலோ அளவில். ஒரு வகுப்புக்கு ஒரு இரும்பு அலுமாரியின் இரண்டு தட்டுப் போதும். மட்டக்குளி, மோதரைப் பக்கம் வெள்ளம் ஏறும் பாடசாலைகளில் கீழ்த் தட்டில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்து எழுதுங்கள்.

தனிமைப்படுத்தலாலோ நோயாலோ ஒரு தாளை எழுதாத பிள்ளைக்குப் பூச்சியம் போடக் கூடாது. இருக்கும் இரண்டின் நிறையை நூறுக்கு விரிக்க வேண்டும்: முதலாம் தவணை இல்லையென்றால் 20உம் 50உம் எழுபதின் பங்குகளாகக் கணக்கிடப்படும். இரண்டு தாள் இல்லையென்றால் கணக்கிடாமல், சிறு எழுத்துப் பரீட்சை ஒன்றுக்கு அழைக்க வேண்டும்.

அடுத்தது ஒப்புநோக்கல். ஒவ்வொரு பாடத்திலும் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று பத்துத் தாள்களைப் பெயரை மறைத்து இன்னொரு பாடசாலையில் திருத்துவியுங்கள். இரு திருத்தங்களின் சராசரி 5 புள்ளிக்கு மேல் விலகினால் முழுக்கட்டும் மீளத் திருத்தப்பட வேண்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலை ஒன்றிரண்டு மட்டும் உள்ள கல்வி வலயங்களில் இது உள்ளூரில் முடியாது. அவற்றைக் கொழும்பு வலயத்துடன் இணைக்க வேண்டும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தமிழ்த் தாளைத் திருத்த ஆளில்லை என்ற காரணத்தோடு அந்தப் பிள்ளைகளின் பெறுபேறு மட்டும் பிந்தி வரும்.

பலரும் வாயால் சொல்லாத ஒன்றையும் எழுதிவிடுகிறோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலையில் ரியூசன் கொடுக்கும் ஆசிரியர் காலையில் அதே பிள்ளைக்குப் பாடசாலையில் புள்ளி போடுகிறார். பொதுப் பரீட்சை இருக்கும்வரை இது பெரிய விடயமல்ல. பாடசாலைப் புள்ளியே பெறுபேறு என்றானதும், அந்த வகுப்புக்குப் போகாத பிள்ளையின் வீட்டில் சந்தேகம் தொடங்கும். ஆசிரியர் நேர்மையானவராயினும் தொடங்கும். எனவே தன்னிடம் காசு கொடுத்துப் படிக்கும் பிள்ளைகளின் சுட்டெண்களை ஆசிரியர் அதிபரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்தத் தாள்களை இன்னொருவர் திருத்த வேண்டும். கொடுக்காதவரின் கட்டு முழுவதும் வெளியே போக வேண்டும். ஆசிரியர்களுக்கும் இதுவே பாதுகாப்பு.

கணினிச் சூத்திரம் ஒன்று எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற யோசனை வந்தால், இங்கிலாந்தை நினையுங்கள். 2020 ஓகஸ்டில் அங்கு, நடக்காத பரீட்சைக்கு ஈடாக ஆசிரியர் கொடுத்த உயர்தரத் தரங்களில் ஏறத்தாழ 40 வீதத்தைச் சூத்திரம் கீழே இறக்கியது. பாடசாலையின் முன்னைய ஆண்டுப் பெறுபேறுகளுக்குப் பிள்ளைகளைப் பொருத்தியதே காரணம். ஐந்து பேருக்கு மேற்படாத வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றார்கள். சிறு வகுப்பு நடத்தும் கட்டணப் பாடசாலைகள் தப்பிக்கொண்டன. சில நாட்களிலேயே, ஓகஸ்ட் 17இல், சூத்திரத்தைக் கைவிட்டார்கள். எடெக்செல், கேம்பிரிட்ஜ் என்ற இங்கிலாந்துப் பரீட்சைகளுக்குப் பதிவுசெய்திருந்த கொழும்புப் பிள்ளைகளும் அந்த மே, ஜூனில் எழுதாமலே தரம் பெற்றார்கள். அந்த அலைக்கழிவு இங்கும் வந்தது. அதே முறையைச் சாதாரண தரத்துக்கு இங்கே கொண்டுவந்தால், சிங்கள மொழிமூலத்தில் இருநூறு பேரும் தமிழ்மொழிமூலத்தில் பன்னிரண்டு பேரும் உள்ள ஒரு பாடசாலையில் அந்தப் பன்னிரண்டு பேரும் யாருடைய சராசரிக்குப் பொருத்தப்படுவார்கள்? பாடசாலையின் வரலாற்றைப் பிள்ளையின் தலையில் கட்டும் எந்தச் சூத்திரமும் வேண்டாம்.

தனியார் பரீட்சார்த்திகளுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. இரண்டாம் முறை எழுதுபவர், வேலை செய்துகொண்டு எழுதுபவர், பாடசாலையை விட்டுப் போனவர் ஆகியோருக்குக் கட்டும் இல்லை, கையொப்பமிட அதிபரும் இல்லை. இங்கிலாந்தில் தரமே கிடைக்காமல் நின்றவர்களில் பலர் இவர்கள்தான். இவர்களுக்கு ஒரே வழி எழுத்துப் பரீட்சை: ஆறு மாதத்துக்குள், குறைந்த எண்ணிக்கை மண்டபங்களில். இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இவர்கள் புத்தகத்தை மூடமாட்டார்கள்.

அழகியல் பாடங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. 2020க்குரிய சாதாரண தரத்தில் அழகியல் செய்முறைப் பரீட்சை கடைசியில் நடக்கவே இல்லை. பரதமும் கர்நாடக சங்கீதமும் எடுத்த பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகப் பயின்றதைக் காட்ட இடமே இல்லாமல் போனது. இதற்குத் தரம் 11 முதலாம் தவணையிலேயே பதிவு எடுத்து வைக்கலாம். பாடசாலையில், ஆசிரியர் முன்னிலையில், கைத்தொலைபேசியை நிலைத்தாங்கியில் வைத்து வெட்டாமல் ஒரே தொடராக எடுக்க வேண்டும். தொடக்கத்தில் சுட்டெண் எழுதிய தாளைப் பிள்ளை காட்டட்டும். பரதத்துக்கு உச்சி முதல் பாதம் வரை சட்டத்துக்குள் வரவேண்டும். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியும் பாதமும் தெரியாத பதிவுக்குப் புள்ளி போட முடியாது. ஆசிரியர் தாளம் போடும் தட்டுக்கழி அருகில் இருந்தால் அதன் ஒலி பாதத்தட்டின் ஒலியை விழுங்கிவிடும், இரண்டு மீற்றராவது தள்ளி வையுங்கள். சங்கீதத்துக்குச் சுருதிப்பெட்டி பிள்ளைக்குப் பின்னால் இருக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள்; பதிவு கெடுவது பெரும்பாலும் அதனால்தான். வட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் சுருங்கிப்போகும், ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. வீட்டில் எழுதிய விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பும்போதும் இதே விதிதான்.

இனித் திகதி. பெற்றோரை வாட்டியது தாமதத்தைவிடத் திகதி தெரியாமை. மேல் மாகாணத்தில் தரம் 11 வகுப்புகள் 2021 ஜனவரி 25இல்தான் திறந்தன; மார்ச் 1இல் பரீட்சை. வேறு மாகாணங்களில் பல பாடசாலைகள் நவம்பரிலேயே திறந்திருந்தன. மட்டக்குளியில் தனிமைப்படுத்தப்பட்ட வீட்டிலிருந்த பிள்ளைக்கும் அவர்களுக்கும் ஒரே தாள். எனவே ஒரு மாகாணம் மூடியிருந்தால், அங்கு நேரடி வகுப்புத் தொடங்கி எட்டு வாரம் கழியும்வரை அகில இலங்கைப் பரீட்சை இல்லை என்று விதியாக வையுங்கள்.

ஒத்திவைக்கும்போது புதிய திகதி உங்களுக்கும் தெரியாதிருக்கலாம். அப்போது “இந்தத் திகதிக்கு முன் இல்லை” என்று ஒன்றைச் சொல்லலாம். “அடுத்த முடிவை இந்த நாளில் அறிவிப்போம்” என்று இன்னொன்றையும் சொல்லலாம். இரண்டு வரிதான். இது தெரிந்தால் பிள்ளை ஒரு வாரம் நன்றாகத் தூங்கி, பிறகு பாடக்குறிப்புக்குத் திரும்பி, கடைசி ஆறு வாரத்தில் கடந்தகால வினாத்தாளுக்கு வரும். தெரியாதபோது எல்லாரும் ஒரே பேப்பர் கிளாசைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். தியரி முடிந்து, ரிவிசன் முடிந்து, பேப்பர் கிளாசும் முடிந்த பிறகு வரும் ஒவ்வொரு மேலதிக மாதமும் மூன்று பாடத்துக்கு இன்னொரு மாதக் கட்டணம். இணையவழி என்றால் டேட்டாவும் சேரும். எல்லாரும் கமராவைப் போட்டு நடத்தும் ஒரு மணி நேர சூம் வகுப்பு அரை ஜீபீக்கு மேல் தின்னும். குரலும் பலகையும் மட்டும் என்றால் அதில் சிறு பங்கு போதும். அண்ணனும் தங்கையும் ஒரே தொலைபேசியில் படிக்கும் தோட்ட வீடுகளில் இந்த வேறுபாடுதான் யார் படிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. இணையவகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கான அறிவுறுத்தலில் இதை முதல் வரியாகச் சேர்க்கலாம்.

வதந்தி பரவுவதும் திகதி இல்லாத இடைவெளியில்தான். போலி அறிவித்தல் தலைப்புத்தாளோடு வட்ஸ்அப்பில் சுற்றும். பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தின் 1911 இலக்கத்தை அழைத்து உறுதிசெய்யுமாறு பிள்ளைகளிடம் சொல்கிறோம். நெருக்கடி நாட்களில் அந்த இலக்கத்தில் தமிழில் பதில் சொல்பவர் எந்நேரமும் இருக்க வேண்டும். மனம் உடைந்து நிற்கும் பிள்ளை அழைக்கக்கூடிய 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் இதையே கேட்கிறோம். அந்த இலக்கத்தைப் பரீட்சை அனுமதி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டால் செலவு ஒன்றுமில்லை.

பெற்றோரிடம் நாங்கள் சொல்லிவருவதையும் சுற்றறிக்கையின் இணைப்பாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு தவணையிலும் முன்னேற்ற அறிக்கையை அதிபரின் முத்திரை தெரியப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைக்க வேண்டும். பாடசாலை மாறும் பிள்ளை தன் விடைத்தாள் கட்டுக்குப் பொறுப்பேற்புக் கடிதம் வாங்காமல் விலகக் கூடாது. பரீட்சை ரத்தானதும் ஆசிரியரின் வீட்டுக்கோ தொலைபேசிக்கோ புள்ளி கேட்டுப் போகக் கூடாது. போனால் அதைப் பதிவுசெய்யும் புத்தகம் ஒன்று அதிபரின் மேசையில் இருக்க வேண்டும். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்க இரண்டு வாரம் கொடுங்கள். அதில் பிள்ளை தன் மூன்று தாள்களையும் புள்ளித்திட்டத்தோடு பார்க்க உரிமை இருக்கட்டும். இந்த ஒரு உரிமை இருந்தாலே திருத்துபவரின் பேனா கவனமாக நகரும்.

இப்படி வந்த பெறுபேற்றுக்குச் சான்றிதழில் வேறு நிறமோ அடையாளமோ போட வேண்டாம். உயர்தர வகுப்புக்கு எடுக்கும்போதும், பின்னர் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், “இவர் கொரோனா பாஸ்” என்று ஒதுக்க அது போதும்.

தரம் 10இன் இறுதித் தவணைப் பரீட்சையிலிருந்தே சான்று சேர வேண்டுமானால், சுற்றறிக்கை தரம் 10 தொடங்கும் முன்பே பாடசாலைக்கு வந்தாக வேண்டும். சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் ஒரே நாளில் வரவேண்டும். வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லவும், ஒரு வலயத்தில் ஒப்புநோக்கலைப் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்கவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். திருத்துவதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் விடுமுறையையும் போக்குவரத்துப் படியையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பிலுள்ள தமிழ்மொழிமூல ஆசிரியர்கள், பெற்றோர் சிலர்